கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்

 

நம் வீடுகளில் மீன் தொட்டி வைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. பெருநாள் காசைச் சேர்த்து வைத்து, பிள்ளைகள் முதலில் கேட்பது மீன் தொட்டியாகவே இருக்கிறது. கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காத பிள்ளை, கால் மணி நேரம் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெற்றோருக்கும் மகிழ்ச்சியே. அண்மைக் காலமாக அந்தத் தொட்டிகளில் புதிய விருந்தாளி ஒன்றும் வந்து சேர்ந்துள்ளது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, கட்டைவிரல் அளவே உள்ள குட்டித் தவளை. தரைக்கே வராமல், வாழ்நாள் முழுவதையும் நீருக்குள்ளேயே கழிப்பது.

"ஹஸ்ரத், தவளையையும் மீனையும் ஒரே தொட்டியில் வளர்க்கலாமா?" என்று மதரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டனர். மார்க்கத்தில் கூடுமா என்பது அவர்களுடைய கேள்வி. ஆனால், அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: அவ்வாறு வளர்த்தால் அந்த உயிர்களின் ஹக்கை நம்மால் நிறைவேற்ற முடியுமா? இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமலேயே வளர்த்து, அதில் தவறிழைத்தவன் நான். ஆகவே, என் வீட்டில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

சென்ற ஆண்டு என் இளைய மகன் தன் பெருநாள் காசில் இரண்டடித் தொட்டி ஒன்றை வாங்கினான். கப்பி, மோலி, நியான் டெட்ரா என்று சில வண்ண மீன்களை விட்டோம். அடுத்த மாதம் அதே கடையில் இரண்டு குட்டித் தவளைகளைப் பார்த்ததும் அவற்றையும் கேட்டான். நான் தயங்கினேன். "ரெண்டும் ஒண்ணாவே இருக்கும் பாய். தனிச் சாப்பாடுகூட வேண்டாம், மீனுக்குப் போடுறதே போதும்" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான், வாங்கிவிட்டோம். ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு முன் நான் செய்த விசாரணை அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிட்டது. ஒரு மிதிவண்டி வாங்குவதற்குக்கூட நான்கு பேரிடம் விசாரிக்கும் நான், இதற்கு அவ்வளவுகூடச் செய்யவில்லை.

முதல் சில வாரங்கள் இன்பமாகவே கழிந்தன. மீன் தவளையைக் கடிக்கவில்லை. தவளை மீனைத் துரத்தவில்லை. தவளை கால்களை விரித்து நீரில் மிதந்து நிற்கும்போது பிள்ளைகள் கூடி நின்று சிரிப்பார்கள். காலையும் மாலையும் தவறாமல் உணவிட்டோம். சண்டையில்லை, சத்தமில்லை, ஆகவே எல்லாம் நலம் என்று எண்ணிக்கொண்டோம்.

இரண்டாவது மாதத்தில் என் மனைவிதான் முதலில் கவனித்தார். "இந்தத் தவளைக்கு முதுகெலும்பு தெரியுதே, பார்த்தீங்களா?" என்றார். நான் பார்த்தேன், ஆனாலும் உடனே எதுவும் செய்யவில்லை. "நாளைக்குக் கடையில் கேட்கிறேன்" என்று சொல்லி இரண்டு நாட்களைக் கடத்தினேன். மூன்றாம் நாள் ஃபஜ்ருக்குப் பின் வந்து பார்த்தபோது, கல்லுக்குப் பின்னால் அது இறந்து கிடந்தது. மற்றொன்றும் ஒட்டிய வயிற்றோடு மூலையில் பதுங்கியிருந்தது.

மகன் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "வாப்பா, நாமதான் தினமும் சாப்பாடு போட்டோமே. அப்புறம் எப்படி அது பட்டினியா கிடந்துச்சு?"

பாடம் நடத்தும் எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை.

நாக்கில்லாத உயிர்

விடையைத் தேடிப் படித்த பின்னரே அந்தப் படைப்பின் இயல்பு எனக்குப் புரிந்தது. இத்தவளைகளுக்கு விலங்கியலில் ஹைமெனோகைரஸ் என்று பெயர். நைஜீரியா, கேமரூன் முதல் காங்கோ வரையிலான மழைக்காட்டுப் பகுதிகளின் ஆழமற்ற குட்டைகளும் மெதுவாக ஓடும் சிற்றோடைகளும் இவற்றின் தாயகம். மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமே வளரும். நன்கு பராமரித்தால் ஐந்து ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் வாழக்கூடியவை.

நம் ஊர்த் தவளை நாக்கைச் சுழற்றிப் பூச்சியைப் பிடிப்பதைப் பார்த்திருப்போம். இதற்கு நாக்கே கிடையாது. உணவின் அருகில் வந்து, வாயைத் திறந்து, நீரோடு சேர்த்து உறிஞ்சித்தான் உண்ணும். பார்வையும் கூர்மையானதன்று. மணத்தைக் கொண்டும், நீரில் எழும் அசைவைக் கொண்டும், தட்டுத் தடுமாறி உணவைத் தேடும். நாம் இடும் உணவு தன் பக்கத்தில் விழுந்தால்கூட, அதை உணர்ந்து திரும்பச் சற்று நேரமாகும்.

மீன்களின் நிலையோ வேறு. மூடியைத் திறக்கும் ஓசை கேட்டவுடனேயே அவை மேலே வந்து காத்திருக்கும். நாங்கள் தூவிய உணவில் பெரும்பகுதி பாதித் தொட்டியைக் கடப்பதற்குள்ளேயே தீர்ந்துபோனது. அடியில் விழுந்த சிறிதளவையும் மோலிகள் இறங்கி வந்து பொறுக்கின. தவளை திரும்பிப் பார்க்கும்போது மணம் மட்டுமே மிஞ்சியிருந்தது. தினமும் இருவேளை விருந்து நடந்த இடத்தில் அது தினமும் பட்டினி கிடந்தது. மீன்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. அவற்றை அல்லாஹ் அவ்வாறு படைத்துள்ளான். தவளையின் குற்றமும் இல்லை. இவ்விரண்டையும் ஒரே இடத்தில் அடைத்து, ஒரே விதமாக உணவிட்டவர் எவரோ அவரே பொறுப்பாளி.

கால்நடைகளை 'வாயில்லா ஜீவன்' என்கிறோம். ஆட்டுக்குப் பசித்தால் கத்தும். பூனைக்குப் பசித்தால் காலைச் சுற்றும். இந்தத் தவளை அதையும் செய்யாது. அதன் பசி அதன் உடலில் மட்டுமே தெரியும். அதைப் பார்ப்பதற்கு நமக்குக் கண் வேண்டும்.

சஹனும் தொட்டியும்

நான் பிறந்தது கடற்கரை ஊர். எங்கள் பக்கத்து விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து உண்போம். என் சிறு வயதில் பெரியவர்களோடும் வேகமாக உண்ணும் அண்ணன்மாரோடும் அமர்வேன். நான் ஒரு பிடி எடுப்பதற்குள் அவர்கள் நான்கு பிடி எடுத்திருப்பார்கள். ஆனால், நான் ஒருநாளும் பசியோடு எழுந்ததில்லை. என் வாப்பா இறைச்சியைப் பிய்த்து, சோற்றோடு சேர்த்து, என் பக்கமாக ஒதுக்கி வைப்பார். அதன் பிறகே தம் பிடியை எடுப்பார். அண்ணன்மாரை அவர் கடிந்துகொண்டதும் இல்லை. மெதுவாக உண்பவனுக்கு ஒரு பங்கு தனியே ஒதுக்கப்பட வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒரே சஹனில் அமர்ந்துவிட்டதாலேயே அனைவருக்கும் சமமாகக் கிடைத்துவிடாது என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தவளை எனக்கு நினைவூட்டியது. மதரஸாவிலும் இதே நிலைதானே! ஒரே பாயில் அமர்ந்து, ஒரே பாடத்தைக் கேட்கும் பிள்ளைகளில் விரைவாக ஓதுபவன் முன்னால் நிற்கிறான். ஓரத்தில் அமைதியாக அமர்ந்திருப்பவன் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே அவனும் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துவிடுகிறோம். பல மாதங்கள் கழித்தே அவனுக்கு ஒரு சூராகூட ஒழுங்காக வரவில்லை என்று தெரிகிறது. தவளை இறந்த வாரத்தில், என் வகுப்பில் ஓரத்தில் அமரும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அருகில் அழைத்து ஓதச் சொல்லிக் கேட்டேன். இரண்டு பிள்ளைகளின் நிலை எனக்கு அன்றுதான் தெரிய வந்தது. அதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

மார்க்கம் கூறுவது என்ன?

உயிர்களை அடைத்து வளர்ப்பதே கூடாது என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடியதையும், அதைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அன்போடு விசாரித்ததையும் புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் காண்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபின் முற்கால அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து மட்டும் அறுபது பயன்களைத் தொகுத்துள்ளார்கள். துன்புறுத்தாமல், உணவும் நீரும் குறையாமல் பேணினால், பிள்ளைகள் மகிழ்வதற்காக ஓர் உயிரை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இந்த ஹதீஸை ஆதாரமாகக் கொள்கின்றனர்.

அனுமதிக்கு அருகிலேயே எச்சரிக்கையும் நிற்கிறது. பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்டதற்காக நரகம் சென்ற பெண்ணைப் பற்றி நாம் அனைவரும் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த ஹதீஸில் குற்றம் எவ்வாறு விளக்கப்படுகிறது என்பதைக் கூர்ந்து கவனியுங்கள். அவள் உணவும் கொடுக்கவில்லை. தானாகத் தேடி உண்ணுமாறு அதை வெளியே விடவும் இல்லை. அதாவது, அடைத்து வைப்பவர் அந்த உயிர் தன் உணவைத் தேடிக்கொள்ளும் வழியை மூடிவிடுகிறார். அந்த நொடியிலிருந்து அதன் உணவு அவர் பொறுப்பாகிறது.

"ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் அல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். ஐயமில்லை, அவனே அளிக்கிறான். காட்டுக் குட்டையில் அந்தத் தவளைக்குப் புழுவும் பூச்சியும் அவன் அளித்துக்கொண்டுதான் இருந்தான். நடுவில் கண்ணாடிச் சுவரை எழுப்பியவர்கள் நாம். அதன் ரிஸ்க் இப்போது நம் கையின் வழியாகச் செல்லுமாறு நாமே ஏற்பாடு செய்துவிட்டு, கையை மூடிக்கொண்டால் கேள்வி நம்மிடமே வரும்.

வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டபோது, பேச இயலாத இந்த உயிர்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு எச்சரித்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளது. அந்த ஒட்டகம் வாய் திறந்து முறையிட்டதாக இந்த அறிவிப்பில் இல்லை. அதன் மெலிந்த உடலே முறையீடாக இருந்தது. நபியவர்கள் அதைக் கண்டார்கள். என் வீட்டில் முதுகெலும்பு தெரிந்த தவளையை நானும் கண்டேன். கண்ட பிறகும் இரண்டு நாள் தள்ளிப் போட்டேன்.

தவளையைக் குறித்துத் தனியாகவே ஒரு ஹதீஸ் உண்டு. மருந்து செய்வதற்காகத் தவளையைப் பயன்படுத்துவது பற்றி மருத்துவர் ஒருவர் கேட்டபோது, அதைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. நோய் தீர்க்கும் தேவைக்கே அனுமதி கிடைக்காத உயிரை, நம் வரவேற்பறையின் அழகுக்காகக் கொண்டு வந்து கவனக்குறைவால் சாகவிடுவது எவ்வளவு பாரதூரமானது என்பதை நாமே சிந்தித்துக்கொள்ள வேண்டும்.

"ஆற்றில் சேர்ந்துதானே வாழ்கின்றன?"

என் மதரஸா சகா ஒருவர் ஒரு மறுப்பைக் கூறினார். மீனும் தவளையும் ஒரே ஓடையில், ஒரே குளத்தில்தானே வாழ்கின்றன, தொட்டியில் மட்டும் என்ன தடை என்றார். நியாயமான கேள்வி. ஓடையில் இடம் உண்டு. ஒதுங்குவதற்குச் செடியும் சேறும் உண்டு. ஓரிடத்தில் உணவு கிடைக்காத தவளை வேறிடம் செல்லும். உணவும் ஒரே இடத்தில் இருவேளை மட்டும் கொட்டப்படுவதில்லை. தொட்டியில் இவை எதுவுமே இல்லை. மேலும், கடையில் கிடைக்கும் மீன்களில் பல தென்னமெரிக்காவைச் சேர்ந்தவை. தவளை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இயற்கையில் அவை சந்தித்ததே இல்லை. சந்திக்க வைத்தவர்கள் நாம்.

என் கருத்து இதுதான்: முதன்முறையாகத் தொட்டி வைப்பவர்கள் இவ்விரண்டையும் சேர்க்க வேண்டாம். தவளையின் மேல் விருப்பமிருந்தால், இருபது முதல் நாற்பது லிட்டர் கொள்ளும் சிறு தொட்டியில் இரண்டு, மூன்று தவளைகளைத் தனியாக வளர்க்கலாம். அதற்குச் செலவும் குறைவு. சேர்த்து வளர்ப்பது கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் தவளைக்கென நேரம் ஒதுக்கி, அது உண்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழக்கூடியவர்கள் மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

சேர்த்து வளர்ப்போர் கவனத்திற்கு

எஞ்சிய தவளையைக் காப்பாற்ற முயன்றபோது நாங்கள் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வாங்கும்போதே தவளையின் முன்னங்கால்களைப் பாருங்கள். குட்டித் தவளைக்கு நான்கு பாதங்களிலும் விரல்களுக்கிடையே சவ்வு இருக்கும். முன்னங்கால் விரல்கள் சவ்வின்றித் தனித்தனியாகப் பிரிந்திருந்தால், அது நகமுள்ள ஆப்பிரிக்கத் தவளை. சிறிதாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வெண்ணிறத்தில் விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த நகமுள்ள வகையே. அது பத்துச் சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, வாய்க்குள் அடங்கும் மீன்களையெல்லாம் விழுங்கும். மாணவர் ஒருவர் வீட்டில் நியான் டெட்ராக்கள் இரவுக்கிரவு குறைந்து வந்தன. பூனைமீது பழி விழுந்தது. உண்மையில் விழுங்கியது இந்தத் தவளைதான்.

இரண்டாவது, உடன் வாழும் மீன்கள் சிறியவையாகவும் சாதுவானவையாகவும் இருக்க வேண்டும். சிக்லிட், தங்கமீன், துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப் போன்றவை ஆகவே ஆகா.

மூன்றாவது, உணவு. முதலில் தொட்டியின் ஒரு மூலையில் மீன்களுக்கு உணவிட்டு, அவற்றை அங்கே ஈர்த்துவிட வேண்டும். வடிகட்டும் கருவியைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, மறு மூலையில் சிறு மண் தட்டு ஒன்றில் தவளையின் உணவை வைக்க வேண்டும். உறைநிலையில் விற்கப்படும் பிளட்வார்ம் என்னும் சிவப்புப் புழுவைக் கரைத்து, நீண்ட இடுக்கியாலோ சொட்டுக் குழாயாலோ அதன் முகத்தருகே கொண்டு செல்லலாம். வளர்ந்த தவளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் போதும். ஒரே தட்டை ஒரே இடத்தில் வைத்து வந்தால், சில வாரங்களில் அந்த இடத்தை அது அறிந்துகொள்ளும்.

நான்காவது, நீரும் காற்றும். இத்தவளை நீருக்குள் வாழ்ந்தாலும் நுரையீரலால் சுவாசிப்பது. அடிக்கடி மேலே வந்து காற்றை எடுக்கும். ஆகவே, நீரின் ஆழம் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீருக்கு மேல் சற்று இடைவெளி விட்டு, இடுக்கில்லாத மூடியும் போட வேண்டும். வெளியே குதித்துவிட்டால் தோல் உலர்ந்து விரைவில் இறந்துவிடும். 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பமே இதற்கு ஏற்றது. நம் ஊர்க் கோடையில் சூடேற்றும் கருவிக்கு வேலையே இல்லை. தொட்டியை நிழலில் வைத்துக் குளிர்ச்சியாகக் காப்பதே நம் வேலை. குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

ஐந்தாவது, மருந்து. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் உப்போ, செம்பு கலந்த மருந்தோ, மாலகைட் கிரீனோ ஊற்றுவது வழக்கம். தவளை தன் தோலின் வழியாக நீரையும் அதில் கரைந்தவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மீனைக் காக்கும் மருந்து தவளையைக் கொன்றுவிடலாம். ஆகவே, மருந்திடும் முன் நோயுற்ற மீனை வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிட வேண்டும்.

ஆறாவது, நம் பிள்ளைகளின் நலம். அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை, இந்தக் குட்டித் தவளைகளின் தொட்டி நீரிலிருந்து பரவிய சால்மோனெல்லா கிருமியால் 200-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். தொட்டியில் கை வைத்த பின் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். தொட்டிப் பொருட்களைச் சமையலறையிலோ ஒளூச் செய்யும் இடத்திலோ கழுவலாகாது.

குளத்தில் விடுவது கருணையாகுமா?

பராமரிக்க இயலாதபோது, "பாவம், விடுதலை செய்கிறோம்" என்று ஊர்க் குளத்திலோ ஊருணியிலோ விட்டுவிட எண்ணுவோர் உண்டு. நகமுள்ள ஆப்பிரிக்கத் தவளையின் வரலாறு இதற்குப் பாடமாகும். 1930-களில் கர்ப்பப் பரிசோதனைக்கென ஆப்பிரிக்காவிலிருந்து பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்ட அத்தவளை, ஆய்வகங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வெளியேறி, அமெரிக்கா, சிலி, பிரான்ஸ் போன்ற நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, அங்குள்ள உயிர்களுக்குக் கேடாயிற்று. நம் நாட்டிலேயே ஆப்பிரிக்கக் கெளுத்தி என்ன செய்தது என்பதை அறிவோம். 2000-ஆம் ஆண்டிலேயே அரசு அதை வளர்க்கத் தடை விதித்தது. ஓர் உயிரின்மீது காட்டும் இரக்கம் ஊர்க் குளத்தின் ஆயிரம் உயிர்களுக்கு அநீதியாகிவிடக் கூடாது. வளர்க்க இயலாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள். அல்லது நன்கு பராமரிக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

மகனுக்குச் சொன்ன விடை

சில நாட்களுக்குப் பிறகு மகனை அமர வைத்து அவன் கேள்விக்கு விடை சொன்னேன். "நாம் தொட்டிக்குச் சாப்பாடு போட்டோம், தவளைக்குப் போடவில்லை. தப்பு வாப்பா மேலதான்" என்றேன். அவன் எதுவும் பேசாமல் எழுந்து போய்ச் சிறு இடுக்கியை எடுத்து வந்தான். எஞ்சிய தவளைக்குத் தனித் தொட்டி வாங்கும் வரை அவனே அதற்கு ஊட்டினான். புழுவை அதன் முகத்தருகே நீட்டிவிட்டு, அது வாய் திறக்கும் வரை அசையாமல் காத்திருப்பான். சில நாட்களில் ஐந்து நிமிடம்கூட ஆகும். தொழுகையில் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை அவன்.

இப்போது அது தேறிவிட்டது; முதுகெலும்பு வெளியே தெரிவதில்லை. அதற்குத் துணையாக, முன்னங்கால்களைப் பார்த்து, இன்னொன்றையும் வாங்கினோம். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டிலும் தொட்டி இருந்தால் இன்றிரவு உணவிட்ட பிறகு ஐந்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். யார் உண்டார், யார் உண்ணவில்லை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் சஹனையும் ஒருமுறை பாருங்கள்.

நம் பொறுப்பில் விடப்பட்ட ஒவ்வோர் உயிரின் ஹக்கையும் அறிந்து நிறைவேற்றும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! அறியாமல் செய்த தவறுகளை மன்னிப்பானாக! ஆமீன்.